நாம எங்கடா ஜெயிக்கப் போறோம்?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவர் ஒருவர்)

பேரவை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் மூன்று வாரமாக விடாமல் துரத்தினான். "எதைப் பத்தி எழுத?" என்றேன். "மழைநீர் சேகரிப்பு பத்தி எழுது, சிவில் பையன்தானே நீ?" என்றான். மழைநீர் சேகரிப்பு பற்றிப் போன மலரிலேயே இரண்டு கட்டுரை வந்துவிட்டது. ஆகவே நம் ஹாஸ்டல் டி.வி. ஹாலில் நான் அதிகமாகக் கேட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். நண்பர்களே, உங்களுக்கும் அது மனப்பாடம்தான். "விடுறா, இது தோத்துடும். நாம எங்கடா ஜெயிக்கப் போறோம்?"

நான் முதலாம் ஆண்டு சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம்ம அணி 240 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. பிறகு ஆஸ்திரேலியா 47 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தடுமாறியபோது டி.வி. ஹாலில் நிற்க இடமில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு ஒரே ஆட்டம்! மூலையில் ஒரு சீனியர் அண்ணன் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆடாதீங்கடா, இது தோத்துடும்" என்றார். அவர் சொன்ன மாதிரியே டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். ஆறு விக்கெட் வித்தியாசத்தில் போச்சு. அன்று இரவு மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அந்த அண்ணனுக்கு 'சாமியார்' என்று பெயர் வந்துவிட்டது. அவர் வாக்கு பலித்துவிட்டதாம்!

ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் போட்டித் தொடரில் இறுதி ஆட்டத்துக்கு முன் இந்தியா ஆடிய பத்து ஆட்டத்திலும் பத்து வெற்றி. அந்தப் பத்து ஆட்டத்துக்கும் சாமியார் அண்ணன் அதே மூலையில்தான் உட்கார்ந்திருந்தார். பத்துக்கும் "தோத்துடும்" என்றுதான் சொன்னார். பதினோரு தடவை சொல்லி ஒரு தடவை பலித்த ஜோசியத்தை நம்பி யாராவது கல்யாணம் பண்ணுவார்களா? நாம் மட்டும் அவருக்குப் பட்டமே கொடுத்தோம். பலிக்காத பத்தையும் மறந்துவிட்டோம், பலித்த ஒன்று மட்டும் வலித்தபடியால் நினைவில் நின்றுவிட்டது.

அந்த அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நல்லவர், எனக்கு டிராயிங் போர்டு கொடுத்து உதவியவர். எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். தோத்துடும் என்று நிச்சயமாகத் தெரிந்த மனிதர் ஏன் கடைசிப் பந்து வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்? ஆட்டம் முடிந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏன் படுத்தார்?

சிவில் மாணவன் பாஷையில்...

இதற்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் நம் வகுப்பறை. முன்தகைவுக் கான்கிரீட் பாடம் நடந்துகொண்டிருந்தது. மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், ஆனால் இழுத்தால் தாங்காது. அழுத்தத்தில் தாங்குவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையில் தாங்கும். ஒரு பாலத்து உத்திரத்தின் மேல் லாரி போனால் உத்திரம் கீழ்நோக்கி வளையப் பார்க்கும்; அதன் அடிப்பாகம் இழுபடும்; விரிசல் விடும். ஃபிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் யூஜின் ஃபிரேசினே இதற்கு ஒரு வழி கண்டு 1928இல் காப்புரிமை வாங்கினார். உத்திரத்துக்குள் பலமான எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்து, இரண்டு முனையிலும் பூட்டிவிட வேண்டும். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட்டை நெருக்கும். லாரி வருவதற்கு முன்பே அடிப்பாகம் நெருக்கப்பட்டிருப்பதால், பிறகு வருகிற இழுவிசை முதலில் அந்த நெருக்கத்தைத் தின்று தீர்க்க வேண்டும். அதற்குள் லாரி போய்விடும். விரிசல் இல்லை.

சாமியார் அண்ணன் செய்ததும் அதுதான்! தோல்வி என்ற லாரி வருவதற்கு முன்னாடியே மனசை நெருக்கிப் பூட்டி வைத்துக்கொண்டார். "தோத்துடும்" என்பது அவருடைய எஃகுக் கம்பி. அதற்கு ஜோசியம் என்று பெயர் வைத்தது நாம்தான். அந்த ஆட்டத்தை எல்லோரையும் விட அதிகமாக ஜெயிக்க ஆசைப்பட்டவர் அந்த ஹாலில் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் சார் அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார். முன்தகைவு அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? மேலே சுமையே இல்லாத நாளில் உத்திரம் மேல்நோக்கி வளையும். மேல்பாகத்தில் விரிசல் விடும். லாரி வராமலே விரிசல்! ஜெயித்த நாளிலும் சிரிக்கத் தெரியாமல், "அதிர்ஷ்டம்டா, அடுத்த மேட்ச் பாரு" என்று சொல்கிற ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது இந்த விரிசல்தான்.

ஜெயிச்சோம், தோத்துட்டானுங்க

1976இல் அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் ஏழு பல்கலைக்கழகங்களில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்கள் கல்லூரிக் கால்பந்து அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகமாக அணிந்து வந்தார்கள். ஜெயித்தால் 'நாம்' என்று பேசினார்கள், தோற்றால் 'அவர்கள்' ஆக்கிவிட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க நமக்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. நம்ம தமிழிலேயே இருக்கிறது. ஜெயிச்சா "ஜெயிச்சோம்". தோத்தா "தோத்துட்டானுங்க". ஒரு விகுதியில் பதினொரு பேரையும் நட்டாற்றில் விட்டுவிடுகிறோம்!

ஆனால் "நாம எங்கடா ஜெயிக்கப் போறோம்" என்பதில் இந்தத் தப்பித்தல் இல்லை. இங்கே 'நாம' இருக்கிறது. தோல்விக்குள் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். கூடவே பக்கத்தில் இருப்பவனையும், நூற்று நாற்பது கோடிப் பேரையும் சேர்த்துவிடுகிறார். "நம்ம நாடே இப்படித்தான். பஸ் நேரத்துக்கு வராது, ரோடு மூணு மாசம் தாங்காது, மேட்ச் மட்டும் ஜெயிச்சிடுமா?" என்று கேட்பார். ஒரு பந்துவீச்சாளர் ஓர் ஓவர் சரியில்லாமல் போட்டதற்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்பவர்கள் தலையாட்டுகிறோம். இந்த இடத்தில்தான் விளையாட்டு நம்மை விட்டுப் போய்விடுகிறது.

இந்த மனசுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1975, 1979 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவை எதிர்த்து. 1983இல் கபில்தேவ் அணி போனபோது அணியில் இருந்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை. நம்ம சென்னை ஸ்ரீகாந்துக்கு அப்போது புதுக் கல்யாணம். லண்டனில் சீக்கிரம் தோற்றுவிட்டு அப்படியே அமெரிக்காவுக்குச் சுற்றுலா போகலாம் என்றுதான் டிக்கெட் எடுத்திருந்தோம் என்று அவரே பல மேடைகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்ரீகாந்த் ஜூன் 25 இறுதி ஆட்டத்தில் அடித்த 38 ரன்தான் இரண்டு அணியிலும் சேர்த்து அதிகபட்ச ஸ்கோர்! 183 ரன் எடுத்து, வெஸ்ட் இண்டீஸை 140க்குச் சுருட்டிக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அதோடு பயம் போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ரன் தேவை. சேத்தன் சர்மா போட்ட பந்தை மியாந்தத் சிக்ஸர் அடித்தார். அந்த ஒரு பந்து எங்க மாமா வயசு ஆட்கள் மனசில் குடிபுகுந்துவிட்டது. இதே சேத்தன் சர்மா அடுத்த ஆண்டே, 1987 அக்டோபர் 31 அன்று நாக்பூரில் உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். எங்க மாமாவிடம் கேட்டேன். "அப்படியா?" என்றார்! 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரையிறுதி மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1 விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 ஆனது. கூட்டம் பாட்டில் எறிந்து தீ வைத்ததால் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கே வெற்றி என்று அறிவித்தார்கள். "டெண்டுல்கர் அவுட்டா? டி.வி.யை ஆஃப் பண்ணு" என்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டுச் சட்டமாக இருந்ததாம்.

அப்பா பார்க்காமல் விட்டது

எங்க அப்பா கொத்தனார். 1999இல் அவருக்கு என் வயசு இருக்கும். சென்னையில் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலைக்குப் போயிருந்தார். அந்த ஜனவரி 31ஆம் தேதி சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டத்தின் நாலாம் நாள். 271 ரன் எடுத்தால் வெற்றி. முதுகுவலியோடு டெண்டுல்கர் ஆடிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு டி.வி. கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணாடி வழியே பார்த்தார். டெண்டுல்கர் 136இல் ஆட்டமிழந்தார். அப்போது ஸ்கோர் 254. இன்னும் வேண்டியது 17 ரன், கையில் 3 விக்கெட். ஆனால் கடை வாசல் ஒரு நிமிஷத்தில் காலி! அப்பாவும் கிளம்பிவிட்டார். ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் 258க்கு எல்லோரும் அவுட். 12 ரன்னில் தோல்வி என்று தெரிந்தது. "நான் கிளம்பினது சரிதான்னு நெனச்சேன்" என்பார்.

ஆனால் மைதானத்தில் இருந்தவர்கள் கிளம்பவில்லை. தோற்ற சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை வாங்கிக்கொண்டார்கள். உலகமே சென்னை ரசிகர்களைப் பாராட்டியது. மறுநாள் சாரத்தின் மேல் நின்றுகொண்டு மேஸ்திரி இதைச் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். "தோத்தாலும் பாக்கறதுக்கு ஒண்ணு இருந்திருக்கு பாரு. நான் அஞ்சு ரூவா டீ குடிக்கப் போயிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார். (அப்போது டீ அஞ்சு ரூபாய் இருக்காது. அப்பாவிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார்.)

அன்று முதல் அப்பா எந்த ஆட்டத்தையும் கடைசிப் பந்து வரை பார்ப்பார். "தோத்துடும்" என்பதை மட்டும் விடவில்லை. அது வாயில் இருக்கும், உடம்பு நாற்காலியில் இருக்கும்.

பாதியில் எழுந்து போனவர்கள் பட்டியலில் பெரிய ஆட்கள் உண்டு. 2002 ஜூலை 13, லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து 325. டெண்டுல்கர் போனபோது நம் ஸ்கோர் 5 விக்கெட்டுக்கு 146. யுவராஜ் சிங்கும் முகமது கைஃபும் 121 ரன் சேர்த்தார்கள். கைஃப் 87 ரன்னோடு கடைசிவரை நின்று 3 பந்து மிச்சம் வைத்து ஜெயித்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் அலகாபாத்தில் கைஃபின் சொந்த வீட்டார் என்ன செய்தார்கள் தெரியுமா? டெண்டுல்கர் அவுட் ஆனதும் டி.வி.யை அணைத்துவிட்டு 'தேவதாஸ்' சினிமாவுக்குப் போய்விட்டார்களாம்! கைஃபே சொன்ன கதை இது. பெற்ற பிள்ளை களத்தில் இருக்கும்போதே "நாம எங்க ஜெயிக்கப் போறோம்" என்று குடும்பமே கிளம்பியிருக்கிறது. இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு எங்க வீட்டை நினைத்துக்கொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரேசிலில் ஒரு தெருநாய்

இது நம்ம ஊர் வியாதி மட்டும்தானா என்று தேடியபோது கிடைத்தது பிரேசில் கதை. உலகக் கோப்பைக் கால்பந்தை ஐந்து தடவை ஜெயித்த பிரேசிலுக்கா தாழ்வு மனப்பான்மை என்று கேட்பீர்கள். அந்த ஐந்தில் முதலாவது கோப்பைக்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

1950 ஜூலை 16. ரியோ டி ஜெனிரோவில் அந்தப் போட்டிக்காகவே கட்டிய மரக்கானா மைதானம். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். உருகுவேயுடன் டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டத்திலும் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவைத்திருந்தார்கள். அன்று காலையிலேயே ஒரு பத்திரிகை பிரேசில் அணியின் படத்தைப் போட்டு இவர்களே உலக சாம்பியன்கள் என்று அச்சிட்டுவிட்டது. இரண்டாம் பாதி தொடக்கத்தில் பிரேசில் ஒரு கோல் போட்டது. பிறகு உருகுவேயின் ஷியாஃபினோ ஒன்று, ஜிக்ஜியா ஒன்று. 2-1. இரண்டு லட்சம் பேர் இருந்த இடத்தில் சத்தமே இல்லை.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். பழி முழுக்க கோல்கீப்பர் பார்போசா தலையில் விழுந்தது. அவர் கறுப்பினத்தவர். கறுப்பினத்தவர்கள் பெரிய ஆட்டத்தின் பாரத்தைத் தாங்கமாட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் நிலை கோல்கீப்பராக இன்னொரு கறுப்பினத்தவர் நிற்க 2006இல் டீடா வர வேண்டியிருந்தது. பல வருஷம் கழித்து ஒரு கடையில் ஒரு பெண்மணி பார்போசாவைக் காட்டி, நாட்டையே அழவைத்த ஆள் இவர்தான் என்று தன் பிள்ளையிடம் சொன்னாராம். 1993இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போன அவரை ராசியில்லை என்று உள்ளே விடவில்லை. 2000இல் அவர் இறந்தார். தங்கள் நாட்டில் ஒரு குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை முப்பது வருஷம், தான் ஐம்பது வருஷம் அனுபவித்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அணியின் வெள்ளைச் சட்டையும் ராசியில்லை என்று தூக்கி எறிந்தார்கள். 1953இல் புதுச் சட்டைக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். நாம் இன்று பார்க்கிற அந்த மஞ்சள் சட்டையை வரைந்து ஜெயித்தவர் ஆல்டிர் ஷ்லீ. பத்தொன்பது வயசுப் பையன், ஏறக்குறைய நம்ம செட்டு!

1958 உலகக் கோப்பைக்கு அணி கிளம்பும் சமயத்தில் நெல்சன் ரோட்ரிகஸ் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகையில் இந்த மனசுக்கு ஒரு பெயர் வைத்தார். பிரேசில் பாஷையில் தெருநாய்க்கு 'தகரடப்பாவைக் கவிழ்க்கிறது' என்று அர்த்தம் வருகிற ஒரு சொல் உண்டு. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துத் தின்பதால் அந்தப் பெயர். தெருநாய் மனப்பான்மை என்றார் அவர். உலகத்தின் முன்னால் யாரும் சொல்லாமலே, தானாகவே, தன்னைக் கீழே வைத்துக்கொள்கிற குணம். கால்பந்தில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் என்று சேர்த்துச் சொன்னார். 'தானாகவே' என்ற அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஸ்வீடனுக்குப் போன அந்த அணியில் ஒரு மனோதத்துவ நிபுணரும் இருந்தார். வீரர்களுக்குப் பரீட்சை வைத்து, பெலேவும் கரிஞ்சாவும் ஆட வேண்டாம் என்று சிபாரிசு செய்தார்! பெலேவுக்குப் பதினேழு வயசு, பிள்ளைத்தனம் போகவில்லையாம். பயிற்சியாளர் ஃபியோலா கேட்கவில்லை. ஜூன் 29 இறுதி ஆட்டத்தில் நாலாவது நிமிஷமே ஸ்வீடன் கோல் போட்டுவிட்டது. 1950 திரும்ப வந்துவிட்டதோ என்று எல்லோர் வயிற்றிலும் புளி கரைத்திருக்கும். டிடி என்ற ஆட்டக்காரர் வலையிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, அவசரமே இல்லாமல் நடுக்கோட்டுக்கு நடந்து வந்தார். முடிவு 5-2. பெலே இரண்டு கோல்.

காலையில் சாம்பியன் என்று அச்சிட்டவர்களும், சாயங்காலம் தெருநாய் என்று ஒடுங்கியவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதைக் கவனித்தீர்களா? ஆட்டம் நடக்க வேண்டிய நேரத்தில் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்று. நம்மூரில் 2007 மார்ச்சில் பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்று உலகக் கோப்பை முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம்; பங்களாதேஷிடம் தோற்றதுமே ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைத் தாக்கினார்கள். ஆறே மாசத்தில், செப்டம்பர் 24, அதே தோனி தலைமையில் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தோம். கட்டட வேலைக்காரர் மகனாக எனக்கு ஒரு சந்தேகம்: அந்த உடைந்த சுவரை மறுபடி எழுப்பிய கொத்தனார் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்?

தார்ப்பாயும் கரணையும்

"அப்போ எப்பவும் ஜெயிச்சிடுவோம்னு கத்தச் சொல்றியா?" என்று ரூம்மேட் கேட்டான். இல்லை. கூரைக் கான்கிரீட் போடுகிற அன்று அப்பா காலையிலேயே வானத்தைப் பார்த்து "இன்னிக்கி மழை வந்துடும்" என்பார். மேகமே இருக்காது. ஆனால் சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுத்துச் சைக்கிளில் கட்டுவார். பிறகு கான்கிரீட் போடுவார். மழை வரும் என்று வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்ததில்லை. 1986இல் ஜூலி நோரம், நான்சி கேன்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி ஆட்களைப் பற்றி எழுதினார்கள். மோசமாகத்தான் நடக்கும் என்று நினைத்து, அந்தப் பயத்தாலேயே கவனமாகத் தயாரித்து, கடைசியில் நன்றாகவே செய்து முடிக்கிறவர்கள். தற்காப்பு அவநம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு அவர்களைத் தெரியாது, ஆனால் தார்ப்பாய் தெரியும்.

ரசிகனுக்குக் கஷ்டம் அங்கேதான். அவன் கையில் தார்ப்பாய் இல்லை. அவன் பந்து போட முடியாது, பேட் பிடிக்க முடியாது. பயம் மட்டும் இருக்கிறது, செய்வதற்கு வேலை இல்லை. வேலையில்லாத பயம் வேறு எங்கே போகும்? ஒன்று கல்லாகப் போகிறது, இல்லாவிட்டால் டி.வி. பொத்தானுக்குப் போகிறது.

நமக்கோ வாழ்க்கையில் தார்ப்பாய் உண்டு. ஆனாலும் ரசிகனாகவே நடந்துகொள்கிறோம். என்னையே சொல்கிறேன். முதல் செமஸ்டர் கணக்குத் தேர்வுக்கு முன்னாடியே "ஊத்திக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டேன். ஹாலில் பெரிய கேள்விகள் இரண்டைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்துவிட்டேன், அரை மணி நேரம் மிச்சமிருக்கும்போதே பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நாலு மார்க்கில் அரியர். சாமியார் அண்ணன் மாதிரி எனக்கும் வாக்கு பலித்தது! பிறகு எழுதித் தேறினேன் என்பது வேறு விஷயம். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் தெரிந்தது, அந்த இரண்டு கேள்வியில் ஒன்று எனக்குத் தெரிந்த கணக்கு. எண் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இங்கே அட்மிஷன் கிடைத்த வாரத்தில் அப்பா டவுனுக்குப் போய் ஒரு புதுக் கரணை வாங்கி வந்தார். அவருடையது தேய்ந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. "இது யாருக்குப்பா?" என்றேன். "நமக்குப் படிப்பு எந்த அளவுக்கு வரும்னு தெரியாது. வரலேன்னா இருக்கட்டும்" என்று பரண்மேல் வைத்தார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைஃப் வீட்டார் சினிமாவுக்குக் கிளம்பினார்களே, அதுபோல் ஆட்டம் தொடங்கும் முன்னே அப்பாவும் கிளம்பிவிட்டாரே என்று. இப்போது யோசித்தால் அது தார்ப்பாயா, டி.வி.யை அணைத்ததா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதே வாரத்தில் கடன் வாங்கி ஹாஸ்டல் ஃபீஸும் கட்டினார். கரணை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 29. லீவில் வீட்டில் இருந்தேன். பார்படாஸில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம்ம ஸ்கோர் 176. அக்சர் படேல் போட்ட ஒரே ஓவரில் தென்னாப்பிரிக்கா 24 ரன் எடுத்தது. 30 பந்தில் 30 ரன் போதும், கையில் 6 விக்கெட். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தியா ஒரு பெரிய கோப்பையும் ஜெயித்ததில்லை. 2013க்குப் பிறகு அரையிறுதி, இறுதி என்று எத்தனை தோல்வி! 2019இல் தோனி ரன் அவுட் ஆனபோது நான் தேம்பித் தேம்பி அழுதவன். "முடிஞ்சுதுடா" என்றார் மாமா. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். போகும்போது அப்பா கேட்டார், "இன்னும் பந்து இருக்குல்ல?"

மாடியில் காதைப் பொத்திக்கொண்டு படுத்தேன். கிளாசன் அவுட் ஆனதோ, பும்ரா ஓர் ஓவரில் 2 ரன் மட்டும் கொடுத்ததோ எனக்குத் தெரியாது. தெருவில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். 7 ரன்னில் ஜெயித்திருந்தோம். கீழே அப்பா நடு ரூமில் நின்றுகொண்டு மாமாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மாமாவும் பாதியில் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாராம். கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும், முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்கிறார், கோட்டுக்குப் பக்கத்தில் சூர்யகுமார். "பந்தப் புடிச்சான்டா, கால் வெளிய போகப் போவுது, பந்த உள்ள தூக்கிப் போட்டான், வெளிய போயிட்டுத் திரும்ப உள்ள வந்து புடிச்சான்" என்று அப்பா சிமென்ட் தரையில் ஒரு கோடு கற்பனை செய்துகொண்டு தாண்டித் தாண்டிக் காட்டினார். ஐம்பது தடவைக்கு மேல் செல்போனில் அந்தக் கேட்சைப் பார்த்துவிட்டேன். அப்பா நடித்துக் காட்டியதுதான் கண்ணில் நிற்கிறது.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் அந்தக் கேட்சை நேரடியாகப் பார்த்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதி மாட்டிக்கொண்டேன்.